பாலர் உணவும் தந்தையர் கடமையும்

நமது பொதுக்கூட்டங்களில் பேசப்படாத பொருள் இன்று ஒன்றுமில்லை. வரியைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும், நதிநீரைப் பற்றியும், விலைவாசியைப் பற்றியும் மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்கிறோம். தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றுகிறோம். ஆயினும், மூன்று வயதுக் குழந்தை காலையில் என்ன உண்டது என்று மேடையேறிக் கேட்பார் ஒருவரையும் காணோம். அது பெண்டிர் விஷயம், அடுக்களை விஷயம், பத்திராதிபர் தலையிடவேண்டிய விஷயமன்று என்பதே பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பெரும் பிழை என்பதை எடுத்துக் காட்டவே இன்று இதனை எழுதப் புகுந்தோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதிற்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் அத்தொகை 57. வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றிப்போன குழந்தைகள் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 35 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 25 பேர். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதுமான ஆகாரம் போதுமான தடவை பெற்றவர்கள், தேசத்தில் நூற்றுக்குப் 11 பேரே. இவை ஏதோ பஞ்ச காலத்துக் கணக்கல்ல. களஞ்சியங்களில் தானியம் மலைபோற் குவிந்து கிடந்த ஆண்டுகளின் கணக்கு என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இதனைக் கேட்டதும், "வறுமையே இதற்குக் காரணம், வறுமை ஒழிந்தால் இதுவும் ஒழியும்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவோர் உளர். வறுமை பெரிய காரணமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பு, செல்வம் மிகுந்த குடும்பங்களிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இரத்தசோகை உடையவர்களாக இருப்பதைக் காட்டுகிறது. பாலும் நெய்யும் வாங்க வகையுள்ள வீட்டில் குழந்தை வெளிறிப் போயிருக்குமானால், அங்கே குறைவது பணமன்று. குறைவது பழக்கம்.

இந்த உண்மை வெளியாகத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. வெளியானதும் நமது மலையிலேதான். 1918-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் இராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் உணவுக் குறைவால் வரும் நோய்களைப்பற்றி ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர், இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, கனி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் கொண்டு, பாலும் காய்கறியும் மிகக் குறைந்த சென்னை மாகாண உணவை உண்டவையோ சிறுத்து நலிந்தன. அந்த ஆராய்ச்சி நிலையமே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறித் தேசியப் போஷாக்கு நிலையமாக இன்று விளங்குகிறது.

இதனால் அரிசி நஞ்சு என்று யாரும் எண்ணவேண்டா. அரிசி நமது உயிர். அரிசியால் மட்டும் இலையை நிறைத்து, மற்றவற்றை ஓரத்தில் ஒரு துளி வைத்துவிட்டு, குழந்தை வயிறார உண்டது என்று திருப்தியடைவதே தவறு. வயிறு நிறைவது வேறு. உடல் நிறைவது வேறு.

நிற்க, வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு, பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டிலும் கண்ணாற் கண்ட சாட்சியத்திற்கு மதிப்பு மிகுதி என்பது தெரியும். ஆதலின், வெட்கத்தை விட்டு நமது வீட்டையே சாட்சிக் கூண்டில் நிறுத்துகிறோம்.

நமது இளைய குமாரனுக்கு அப்பொழுது வயது மூன்று. காரியாலயத்திலிருந்து இரவு வீடு திரும்பும்பொழுதெல்லாம் நமது பையில் ஒரு பிஸ்கட்டுப் பொட்டலமோ ஒரு சாக்லேட்டோ இருக்கும். பகலெல்லாம் பிள்ளையைப் பார்க்கவில்லையே என்ற குறையை அதனால் ஈடு செய்தோம். அவன் இரவுச் சோற்றைத் தொடமாட்டான். இல்லாள் கீரையைப் பிசைந்து ஊட்ட முயல்வாள். அவன் வாயை இறுக மூடிக்கொள்வான். நாம் குறுக்கிட்டு, "இந்த ஒரு கவளத்தை விழுங்கினால் அந்த மிட்டாய் உனக்கு" என்று சமரசம் பேசுவோம். அதுவும் பலிக்காத நாளில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அவன் வாய் திறந்து வியக்கும் சமயத்தில் சோற்றைத் திணிக்கச் செய்வோம். பிள்ளை உண்டுவிட்டான் என்று மகிழ்ந்து, நாம் தனியே அமர்ந்து உண்டு, பத்திரிகை வேலைக்குத் திரும்புவோம்.

ஒரு நாள் பையனுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்காக வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், இரத்தத்தைச் சோதித்தார், இரத்தசோகை என்றார். "வீட்டில் எதற்கும் குறைவில்லையே, இவன்தான் கீரையைத் தொடுவதில்லை" என்று நாம் குழந்தையின்மேல் குற்றம் சாட்டினோம். வைத்தியர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, தாங்கள் கீரை உண்பதுண்டா?"

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து திணறடித்த நாம், அந்த ஒரு கேள்விக்கு விடை கூற முடியாமல் நின்றோம். நமது இலையில் வைத்த கீரையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுவது நமது நெடுநாளைய வழக்கம். மூன்று வயதுப் பாலன் அதனைத் தினந்தோறும் பார்த்திருக்கிறான். அவன் நாம் சொன்னதைக் கேட்கவில்லை. நாம் செய்ததைச் செய்தான். குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவன் அவனல்லன்.

இதன் பின்னரே இவ்விஷயத்தைப் பற்றி நூல்களைத் தேடிப் படித்தோம். நாவின் சுவை பிறவியில் முழுமையாக அமைவதன்று. பெரும்பகுதி கற்பிக்கப்படுவது என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். இனிப்பை விரும்புவது, கசப்பை வெறுப்பது போன்ற சிலவே குழந்தை உடன் கொண்டுவருவன. மற்றவை தாயின் கருவிலேயே தொடங்கும் கல்வியாகும். 2001-ல் அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ காரட்டுச் சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், பின்னர் காரட்டுக் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட விரும்பி உண்டதாகக் காணப்பட்டது. தாய் உண்ட ஆகாரத்தின் மணம் கருப்பை நீரிலும் முலைப்பாலிலும் கலந்து குழந்தையை அடைகிறது. ஆகவே குழந்தைக்கு முருங்கைக்கீரை பிடிக்கவேண்டுமானால், முதலில் கர்ப்பிணிக்கு அது கிடைக்கவேண்டும். ஆண்கள் உண்டு மிகுந்ததை இறுதியில் உண்ணும் பெண்ணுக்கு எது கிடைக்கிறது என்பதை நேயர்கள் தத்தம் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

லியன் பெர்ச் என்ற அமெரிக்க மாது குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் பிறரும் கண்ட உண்மைகள் இரண்டு நமக்கு மிக வேண்டியவை. முதலாவது, புதிய பதார்த்தம் ஒன்றைக் குழந்தை முதல் முறை தள்ளுவது வெறுப்பன்று, அறிமுகமின்மையே. அதனையே பத்து முறை, சில குழந்தைகளுக்குப் பதினைந்து முறை, வற்புறுத்தலின்றிச் சிறிதளவு முன்னே வைத்துவந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நாமோ மூன்றாம் நாளே, "இவனுக்கு இது ஆகாது" என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறோம். இரண்டாவது, கைக்கூலி கொடுத்து உண்பித்த பதார்த்தத்தின்மேல் குழந்தைக்கு விருப்பம் குறைகிறது. கைக்கூலியாகக் கொடுத்த இனிப்பின்மேலோ மதிப்பு ஏறுகிறது. இதனை விளக்க ஆராய்ச்சி எதற்கு? கீரை உண்டால் மிட்டாய் என்று நாம் சொல்லும்பொழுதே, கீரை தண்டனை, மிட்டாய் வெகுமதி என்ற பாடத்தை நாமே கற்பிக்கிறோம்.

வற்புறுத்தி ஊட்டுவதும், படம் காட்டி ஊட்டுவதும் இவற்றினும் கொடியவை. பசியும் நிறைவும் இன்னவை என்று உணரும் அறிவை இயற்கை குழந்தைக்கு அளித்திருக்கிறது. 1920-களின் இறுதியில் கிளாரா டேவிஸ் என்ற வைத்தியர், பால் மறந்த குழந்தைகளின் முன் இயற்கையான பல வகை உணவுகளை வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு அவைகளே எடுக்கும்படி விட்டார். குழந்தைகள் நன்கு வளர்ந்தன. ஆனால் அந்தத் தட்டுகளில் சர்க்கரைப் பண்டமும் தீட்டிய மாவும் வைக்கப்படவில்லை என்பதே இதில் முக்கியம். எதனை வைப்பது என்பது பெரியோர் உரிமை. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. இவ்விரண்டு உரிமைகளையும் நாம் தலைகீழாக மாற்றிவிட்டோம். கடையில் எதை வாங்குவது என்பதைக் குழந்தையின் அழுகைக்கு விட்டுவிட்டு, எத்தனை கவளம் என்பதை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனி, என்ன கொடுப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே, தண்ணீரும் வேண்டா. அதன்பின் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலோடு வீட்டுணவு. இதுவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. ஆறாம் மாத முடிவில் சோறு ஊட்டத் தொடங்கும்பொழுது, கஞ்சித் தெளிவையும் பருப்புத் தண்ணீரையும் கொடுத்து நிறுத்திக்கொள்வது நமது குடும்பங்களில் பரவியுள்ள குறை. குழந்தையின் வயிறு சிறிது. அதனை நீரால் நிறைத்தால் சத்துக்கு இடமேது? குழைந்த சாதத்தில் பருப்பையே மசித்து, கீரையோ காயோ சேர்த்து, ஒரு துளி நெய்யோ எண்ணெயோ விட்டுக் கெட்டியாகக் கொடுக்கவேண்டும். முதலில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்பது மாதத்திற்குப் பின் மூன்று நான்கு தடவை ஊட்டுவது தகும். முட்டையும் மீனும் உண்ணும் குடும்பத்தார் அவற்றையும் தாமதமின்றிச் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடாது. ஐந்து வயதுவரை முழு நிலக்கடலை தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால் அதனை அரைத்தே கொடுக்கவேண்டும்.

சத்துள்ள ஆகாரம் என்றால் விலையுயர்ந்த டப்பா என்று எண்ணுவது மயக்கம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் தேறுவது அரிது. வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, தொலைதூரத்திலிருந்து வந்து பளபளக்கும் ஆப்பிளில் உள்ளதைப்போல் பல மடங்கு. கீரையோடும் பருப்போடும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சோற்றோடு தேநீரும் காபியும் சேர்ந்தால் அது தடைப்படும். காலையில் எழுந்ததும் குழந்தைக்குக் காபியில் தோய்த்த பிஸ்கட்டைக் கொடுத்துப் பசியை அடக்குவது தமிழர் குடும்பங்களில் அன்பின் அடையாளமாக நிலைத்துவிட்டது. அந்த அன்பு குழந்தையின் இரத்தத்தைக் குடிக்கிறது.

சர்க்கரையைப்பற்றி ஒரு சொல். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை கலந்த பானங்கள் எவையும் கொடுக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் தெளிவாகக் கூறியிருக்கிறது. "ஆரோக்கிய பானம்" என்ற பட்டத்தோடு விற்கப்பட்ட மாவுகளுக்கு நமது உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகுப்பே இல்லையென்று கண்டு, அத்தலைப்பிலிருந்து அவற்றை நீக்கும்படி 2024-ல் மத்திய சர்க்கார் இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பட்டம் நீங்கினாலும், அவற்றில் பலவற்றிலுள்ள சர்க்கரை நீங்கவில்லை. டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது எழுத்தறிந்த தந்தையின் கடமையன்றோ?

இனி, பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதில் தமிழ்நாடு மற்றப் பகுதிகளுக்கு வழி காட்டியது என்பது வெறும் புகழுரையன்று. 1920-லேயே சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு அளிக்கத் தொடங்கியது. 1956-ல் காமராஜர் மதிய உணவை மாகாணப் பள்ளிகளுக்கு விரித்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக்கினார், 1989-ல் முட்டை சேர்ந்தது, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. தேசத்திலுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் சர்க்கார் உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு அளிக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2001-ல் உத்தரவிட்டது. இவையெல்லாம் பொது உழைப்பின் பயன்கள்.

ஆனால் சட்டம் இயற்றுவதோடு கடமை முடிந்துவிடுமா? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் விதி செய்தது. நேயர்கள் தத்தம் ஊர்ப் பள்ளி வாயிலில் நின்று, ஓர் அளவு நாடாவைக் கையில் பிடித்து அளந்து பார்க்கட்டும். அந்த ஐம்பது மீட்டருக்குள் எத்தனை பொட்டலங்கள் தோரணம்போல் தொங்குகின்றன என்று எண்ணட்டும். பின்னர் அவ்வூர்ப் பஞ்சாயத்திலும், பள்ளி நிர்வாகக் குழுவிலும், பெற்றோர் கூட்டத்திலும் அதனைக் கேள்வியாக எழுப்பட்டும். அந்தச் சிறு வியாபாரியின் பிழைப்பைக் கெடுக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. சுண்டலும், வேர்க்கடலை உருண்டையும், கொய்யாவும், வாழைப்பழமும் விற்க அவருக்கு உதவுவோம். அங்கன்வாடிக்கு மாதம் ஒரு முறையேனும் சென்று, அங்கே வேகும் உணவைத் தாமே சுவைத்துப் பார்ப்பதும் தேசத்தொண்டே.

இவ்வளவும் வெளியே செய்யவேண்டியவை. இவற்றிற்கு முன்னதாக வீட்டிற் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது பணச் செலவற்றது, அதனாலேயே கடினமானது. தந்தை குழந்தையோடு உடன் அமர்ந்து உண்ணவேண்டும். இல்லாளும் அதே வேளையில் அமரவேண்டும். மகனுக்கு ஒன்றும் மகளுக்கு ஒன்றும் என்ற பேதம் இலையில் இருக்கலாகாது. குழந்தைக்கு எது நன்று என்கிறோமோ, அது நமது இலையிலும் இருக்கவேண்டும். இருப்பதோடு, நமது வாய்க்குள்ளும் செல்லவேண்டும்.

வைத்தியரிடம் சென்று வந்த இரவு தொடங்கி நாம் அவ்வாறே செய்தோம். அவர் கொடுத்த இரும்புச்சத்து மருந்தும் தவறாமல் நடந்தது. பையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொய்யாவும் வாழைப்பழமும் வந்தன. முதல் வாரம் பெரும் அழுகை. கைப்பேசி இல்லாத இரண்டொரு இரவு அவன் சரியாக உண்ணவேயில்லை. நாம் வற்புறுத்தவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒதுக்கிய கீரையை, முகத்தைச் சுளிக்காமல் உண்ண நாம் பட்ட பாடு நமக்கே தெரியும். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, அவன் தன் தட்டை விட்டுவிட்டு, நமது இலையில் கை வைத்து ஒரு பிடி கீரைச் சாதத்தை எடுத்து வாயில் இட்டுக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது மீண்டும் வியாபாரமாகிவிடும் என்று இல்லாள் கண்ணால் நம்மை அடக்கினாள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபொழுது இரத்தம் தேறியிருந்தது. பாகற்காயை அவன் இன்றும் தொடுவதில்லை. அதில் அவனைக் குறை கூற நமக்கு யோக்கியதை வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.

ஒரு ஜன சமூகத்தின் வலிமை சட்டசபையில் மட்டும் உருவாவதன்று. அதன் அடுப்பங்கரைகளிலும் உருவாகிறது. உயரம் குன்றிய குழந்தைக்கு, முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்ததைப் பிற்காலத்தில் எந்தச் சர்க்காரும் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆதலின், நாளைய கூட்டத்திற்குப் புறப்படும் அன்பர்கள், இன்றிரவு ஒரு நாழிகை முன்னதாக வீடு சேர்ந்து, தங்கள் மக்களோடு ஒரு பந்தியில் அமர்வார்களாக. தேசத்தொண்டு அந்தப் பந்தியிலிருந்தே தொடங்கட்டும்.